கிறிஸ்தவமும் மதுவும்: திருச்சபைகள் ஏன் வேறுபடுகின்றன?

கிறிஸ்தவர் மது அருந்தலாமா என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் விடை தேடுபவருக்கு, அவர் யாரிடம் கேட்கிறாரோ அவருடைய திருச்சபையின் விடைதான் கிடைக்கும். கத்தோலிக்கக் குரு திருப்பலி நிறைவேற்றும்போதெல்லாம் திராட்சை இரசத்தைப் பருகுகிறார். இரட்சணிய சேனை என்ற திருச்சபையில் வீரராக, அதாவது முழு உறுப்பினராக, சேருபவரோ, இனி மதுவைத் தொடுவதில்லை என்ற உறுதிமொழியில் கையொப்பமிட்ட பிறகே சேர்த்துக்கொள்ளப்படுகிறார். இருவரும் இயேசுவையே ஆண்டவர் என்று அறிக்கையிடுகிறார்கள்; இருவரும் ஒரே நற்செய்தியை வாசிக்கிறார்கள். அப்படியிருந்தும் இவ்வளவு தொலைவு எப்படி வந்தது என்பதை, இந்தப் பொருளை முதன்முறையாக அணுகும் வாசகருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடிவெறி பாவம் என்பதில் எந்தத் திருச்சபைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் மாம்சத்தின் கிரியைகளை அடுக்கும்போது பொறாமை, கொலை ஆகியவற்றோடு வெறியையும் சேர்த்துச் சொல்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது வெறியர் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை என்கிறார். அளவோடு குடிக்கலாம் என்று போதிக்கும் சபைகளும் இந்த வசனங்களைத் தளர்த்திச் சொல்வதில்லை. கருத்து பிரிவது வெறியில் அல்ல, முதல் கோப்பையில்.

அந்த முதல் கோப்பையைப் பற்றி மூன்று நிலைப்பாடுகள் உண்டு. குடிப்பதே பாவம் என்கிறவர்கள் சிலர். வேதாகமம் அதைத் தடைசெய்யவில்லை, ஆயினும் மது விளைவிக்கும் நாசத்தைக் காணும்போது முற்றிலும் விலகியிருப்பதே விவேகம் என்பது இன்னும் சிலரின் கருத்து. படைத்தவர் தந்த நன்மைகளில் திராட்சரசமும் ஒன்று, அதை நன்றியோடும் அளவோடும் ஏற்கலாம் என்பது மூன்றாவது. முதல் இரு சாராரும் குடிப்பதில்லை என்பதால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒரே கூட்டமாகத் தெரிவார்கள். ஆனால் குடிக்கிற சக விசுவாசியை முதல் சாரார் பாவி என்று தீர்க்கிறார்கள். இரண்டாம் சாரார் அப்படித் தீர்ப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் கவனியாதவர்கள் சபைகளுக்குள் நடக்கும் விவாதத்தில் பாதியைப் புரிந்துகொள்ளவே முடியாது.

பழைய ஏற்பாட்டின் இரண்டு குரல்கள்

மனுஷனுடைய இருதயத்தை மகிழ்ச்சியாக்கும் திராட்சரசத்தைத் தேவன் விளைவிக்கிறார் என்று 104ஆம் சங்கீதம் அவரைத் துதிக்கிறது. தசமபாகத்தைத் தொலைவிலுள்ள பரிசுத்த ஸ்தலத்துக்குச் சுமந்து செல்ல முடியாதவர்கள் அதைப் பணமாக்கிக்கொண்டு போய், அங்கே ஆடுமாடுகளோடு திராட்சரசமும் மதுபானமும் வாங்கிக் கர்த்தருடைய சந்நிதியில் குடும்பத்தோடு சந்தோஷப்படலாம் என்று உபாகமம் 14ஆம் அதிகாரம் அனுமதிக்கிறது. பலிகளோடு பானபலியாகத் திராட்சரசம் வார்க்கப்பட்டது. ஏசாயா வரவிருக்கும் இரட்சிப்பின் நாளை விவரிக்கும்போது, தெளிந்த பழமையான திராட்சரசம் நிறைந்த விருந்தாகவே அதைக் காண்கிறார்.

அதே நூல்களில் எச்சரிக்கையின் குரலும் ஓங்கி ஒலிக்கிறது. வேதாகமத்தில் திராட்சரசம் முதன்முதலாக வரும் இடமே அவமானத்தின் இடம்தான்: வெள்ளத்திலிருந்து பிழைத்த நோவா வெறித்துத் தன் கூடாரத்தில் வஸ்திரம் விலகிப் படுத்திருக்கிறார். மகள்கள் திராட்சரசம் கொடுத்து வெறிக்கச் செய்த லோத்தின் கதை அதைவிடத் துயரமானது. "திராட்சரசம் பரியாசஞ்செய்யும், மதுபானம் அமளிபண்ணும்" என்று நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் தொடங்குகிறது. 23ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியோ, குடிக்கு அடிமையானவரின் நிலையை வியக்கத்தக்க நுணுக்கத்தோடு பதிவுசெய்கிறது. காரணமில்லாத காயங்கள், இரத்தங்கலங்கின கண்கள், அடிபட்டும் உறைக்காத உடல், விழித்தவுடன் மறுபடியும் அதையே தேடும் மனம் ஆகிய அனைத்தும் அங்கே இருக்கின்றன. குடிநோயை அருகிலிருந்து கண்ட எவரும் அந்த வரிகளை வாசித்துவிட்டுச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது.

முழுவதும் விலகியிருந்தவர்களையும் பழைய ஏற்பாடு காட்டுகிறது. ஆசாரியர் ஆசரிப்புக் கூடாரத்துக்குள் பணிசெய்யப் பிரவேசிக்கும்போது மது அருந்தலாகாது. நசரேய விரதம் பூண்டவர் திராட்சரசத்தை மட்டுமல்ல, திராட்சப்பழத்தையும் அதன் வற்றலையும்கூடத் தொடலாகாது. ரேகாபியர் என்ற குலத்தார் தங்கள் தகப்பனாகிய யோனதாபின் கட்டளையால் தலைமுறை தலைமுறையாகக் குடிக்காதிருந்தார்கள். விலகியிருத்தலை வலியுறுத்துவோர் இவர்களையே முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கம். அந்தப் பகுதிகளை முழுமையாக வாசித்தால் இன்னும் சில விவரங்கள் தெரியவரும். விரத காலம் நிறைவேறி உரிய பலிகளைச் செலுத்திய பிறகு நசரேயர் திராட்சரசம் குடிக்கலாம் என்று எண்ணாகமம் 6ஆம் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்கிறது. ரேகாபியர் குடிக்காதிருந்ததோடு வீடு கட்டாமலும் பயிரிடாமலும் கூடாரங்களில் வாழ்ந்தார்கள். எரேமியா வழியாகக் கர்த்தர் பாராட்டியது தகப்பனின் சொல்லுக்கு அவர்கள் காட்டிய கீழ்ப்படிதலை. ஆகவே இந்த விலக்குகள் மதுவைத் தீட்டான பொருளாக்கவில்லை என்றும், ஒரு பணிக்காகவோ பொருத்தனைக்காகவோ தன்னை ஒதுக்கிவைத்தவரின் அடையாளமாக இருந்தன என்றும் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

கானாவூரிலும் கொரிந்துவிலும்

புதிய ஏற்பாட்டில் யோவான்ஸ்நானன் மதுவைத் தொடாதவர். இயேசுவோ போஜனபானம் பண்ணுகிறவராக வந்தார், அதற்காகவே எதிரிகள் அவரை மதுபானப்பிரியன் என்று பழித்தார்கள். இந்த வேறுபாட்டை லூக்கா 7ஆம் அதிகாரத்தில் இயேசுவே எடுத்துச் சொல்கிறார், இருவரையும் அந்தத் தலைமுறை ஏற்றுக்கொள்ளவில்லை என்றும் சுட்டிக்காட்டுகிறார். கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீர் திராட்சரசமான அற்புதம் ஆறு கற்சாடிகளில் நடந்தது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்ற குறிப்பை இன்றைய அளவில் கணக்கிட்டால் மொத்தம் ஏறக்குறைய 500 முதல் 700 லிட்டர் வரை வரும். கடைசி இராப்போஜனத்தில் அவர் கையில் எடுத்த பாத்திரமும் திராட்சப்பழரசத்தால் நிறைந்திருந்தது.

அது புளிக்காத சாறு என்று சிலர் விளக்கம் தருகிறார்கள். நல்ல நோக்கத்தோடு சொல்லப்படும் விளக்கம்தான். ஆயினும் அது நிற்காது. திராட்சை அறுவடை கோடையின் இறுதியில் முடிகிறது, கடைசி இராப்போஜனம் நடந்த யூதப் பண்டிகையாகிய பஸ்கா வசந்த காலத்தில் வருகிறது. பழத்தின் தோலிலேயே இருக்கும் நுண்ணுயிர்களால் பிழிந்த சாறு சில நாள்களில் புளிக்கத் தொடங்கிவிடும். அதைத் தடுத்துப் பல மாதம் சாறாகவே வைத்திருக்கும் எளிய முறை 19ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவர் பசியாயிருக்க இன்னொருவர் வெறியாயிருந்தார் என்று பவுல் கடிந்துகொள்கிறார். புளிக்காத சாற்றில் வெறி ஏறாது. அங்கேயும் அவர் பாத்திரத்தில் இருந்ததை மாற்றச் சொல்லவில்லை, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னார். விலகியிருத்தலுக்கு இதைவிட உறுதியான ஆதாரங்கள் இருக்கின்றன. இந்த விளக்கத்தின்மேல் அதை நிறுத்த வேண்டியதில்லை.

மறுபக்கத்தாரும் மறந்துவிடக் கூடாதவை உண்டு. அன்றைய கிரேக்க, ரோம உலகில் திராட்சரசத்தைத் தண்ணீர் கலந்தே அருந்துவது வழக்கம். கத்தோலிக்க வேதாகமத்திலுள்ள 2 மக்கபேயர் நூலின் இறுதி வசனங்கள் அந்த வழக்கத்துக்குச் சான்று. இயற்கையாகப் புளித்த இரசத்தில் ஆல்கஹாலின் அளவு பொதுவாக 15 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. 40 விழுக்காடு அளவுள்ள காய்ச்சி வடித்த மதுவை வேதாகம காலத்து மக்கள் அறியவே மாட்டார்கள். வடிக்கும் கலை ஐரோப்பாவை எட்டியது ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டில். கானாவூரைச் சொல்லி விஸ்கிக்கு நியாயம் தேடுபவர், அந்தக் கலியாணத்தில் இல்லாத ஒன்றுக்குச் சாட்சி தேடுகிறார். தீமோத்தேயுவுக்குப் பவுல் தந்த ஆலோசனையும் இப்படியே பலமுறை வளைக்கப்பட்டிருக்கிறது. அடிக்கடி நோயுற்ற, தண்ணீர் மட்டுமே குடித்துவந்த ஓர் இளம் ஊழியருக்கு, வயிற்றுக்காக "கொஞ்சம்" சேர்த்துக்கொள் என்று சொன்ன சொல் அது.

பவுல் கேள்வியை மாற்றும் இடம்

என் பார்வையில், இந்த விவாதம் முழுவதும் தங்கியிருக்க வேண்டிய இடம் ரோமர் 14ஆம் அதிகாரம். ரோமாபுரிச் சபையில் சிலர் மாம்சம் உண்ணாமல் மரக்கறி மட்டும் உண்டார்கள், சிலர் எல்லாவற்றையும் உண்டார்கள், ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டார்கள். பவுல் இரு சாராரிடமும் தனித்தனியே பேசுகிறார். புசிக்கிறவர் புசியாதவரை அற்பமாக எண்ணக் கூடாது. புசியாதவர் புசிக்கிறவரைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. எந்தப் பொருளும் தன்னிலே தீட்டுள்ளதல்ல என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். அப்படிச் சொன்ன பிறகும், மாம்சம் புசிப்பதோ மதுபானம் பண்ணுவதோ ஒரு சகோதரனுக்கு இடறலாகுமானால் அதைச் செய்யாதிருப்பதே நன்மை என்று முடிக்கிறார்.

இங்கே கேள்வியின் முகமே மாறிவிடுகிறது. எனக்கு உரிமை உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தவரிடம், உன் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்று பவுல் கேட்கிறார். பல ஆண்டுகள் குடித்துக் குடும்பத்தை இழந்து, இப்போதுதான் மீண்டு வந்திருக்கும் ஒருவர் அதே விருந்து மேசையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் கோப்பையை நிரப்பும் விசுவாசிக்கு அது ஒரு மாலை நேரத்தின் சிறு மகிழ்ச்சி. அவருக்கோ வருடக்கணக்கான போராட்டம் ஒரே நொடியில் சரிந்துபோகும் அபாயம். அந்த விசுவாசியின் உரிமையைப் பவுல் மறுக்கவில்லை. கிறிஸ்து யாருக்காக மரித்தாரோ அவரை உன் போஜனத்தினாலே கெடுக்காதே என்றுதான் சொல்கிறார். உரிமையைவிட எடைமிகுந்த ஒன்றை அவர் தராசில் வைக்கிறார்.

இந்த அதிகாரத்தையும் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. இடறல் என்று பவுல் சொல்வது ஒருவருடைய மனவருத்தத்தை அல்ல. பலவீனமானவர் தன் மனச்சாட்சிக்கு விரோதமாக நடந்து விழுந்துபோவதையே அவர் அப்படிச் சொல்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை, ஆகையால் நீ செய்யக் கூடாது என்று மற்றவர்மேல் ஆளுகை செலுத்துகிறவர் இந்த வசனத்தைக் கையில் எடுக்கும்போது, அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் தீர்ப்புச் சொல்லாதே என்று தனக்குச் சொல்லப்பட்டதை விட்டுவிடுகிறார்.

காய்ச்சி வடித்த மதுவும் திருச்சபைகளும்

திருச்சபையின் முதல் பதினெட்டு நூற்றாண்டுகளில், மிதமே பெரும்பான்மைப் போதனை. அலெக்சாந்திரியாவின் கிளமெந்து இளைஞர்கள் மதுவிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்றும் முதியோர் அளவோடு அருந்தலாம் என்றும் எழுதினார். மூன்றாம் நூற்றாண்டில் சிலர் நற்கருணையில், அதாவது கடைசி இராப்போஜனத்தை நினைவுகூரும் திருவிருந்தில், தண்ணீரை மட்டும் பயன்படுத்தத் தொடங்கியபோது, கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் அதைக் கண்டித்து நீண்ட கடிதம் எழுதினார். நான்காம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோம், குடிகாரரைப் பார்த்து மதுவே இல்லாதிருக்கலாகாதா என்று ஏங்குவோருக்குப் பதில் சொன்னார்: அப்படியானால் கொலைகாரரைக் கண்டு இரும்பும், திருடரைக் கண்டு இரவும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும், திராட்சரசம் தேவனின் செயல், குடிவெறியே பிசாசின் செயல். ஆறாம் நூற்றாண்டில் துறவியருக்கு ஒழுங்குமுறை வகுத்த புனித பெனடிக்ட், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு சிறு அளவு திராட்சரசத்தை அனுமதித்தார். விலகியிருக்கும் வல்லமையைத் தேவனிடமிருந்து பெற்றவர்களுக்குத் தனிப் பலன் உண்டு என்றும் சேர்த்துக்கொண்டார். 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு வித்திட்ட சீர்திருத்தவாதிகளும் இந்த வழியிலேயே நின்றார்கள். மார்ட்டின் லூதரின் மனைவி கத்தரீனா வீட்டிலேயே பீர் தயாரித்தார். லூதரோ குடிவெறியைக் கண்டித்துக் கடுமையாகப் பிரசங்கித்தார்.

மாற்றம் வடிமதுவோடு வந்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மலிவான ஜின் ஏழைக் குடும்பங்களைச் சூறையாடியது. அந்தச் சூழலில் ஜான் வெஸ்லி 1743இல் தம் மெதடிஸ்ட் சங்கங்களுக்கு வகுத்த பொது விதிகளில், மிக அவசியமான தேவை இருந்தாலன்றி வடிமதுவை வாங்குவதும் விற்பதும் குடிப்பதும் கூடாது என்று எழுதினார். பீரையும் திராட்சரசத்தையும் அவர் அந்த விதியில் சேர்க்கவில்லை. 1826இல் பாஸ்டனில் தொடங்கிய அமெரிக்க மதுவிலக்குச் சங்கமும் முதலில் வடிமதுவையே எதிர்த்தது. முழு விலக்கு என்ற உறுதிமொழி அதன் பின்னர்தான் பரவியது: 1832இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சியும் நண்பர்களும் அதில் கையொப்பமிட்டார்கள், 1838இல் அயர்லாந்தின் கார்க் நகரில் கத்தோலிக்கக் குரு தியோபால்ட் மாத்யூ தொடங்கிய இயக்கத்தில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள்.

இந்த இயக்கத்தை வெறும் கண்டிப்பு என்று எண்ணுவது அநியாயம். அதன் உயிர்மூச்சாக இருந்தவர்கள் பெண்கள். கணவனின் கூலி மதுக்கடையில் கரைவதையும், இரவில் அவன் கை ஓங்குவதையும் தடுக்கச் சட்டத்தில் அவர்களுக்கு வழியே இல்லாத காலம் அது. 1874இல் அமெரிக்காவில் அமைக்கப்பட்ட கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம், பிரான்சிஸ் வில்லார்டின் தலைமையில் பெண்களின் வாக்குரிமைக்காகவும் போராடியது.

நற்கருணையிலும் இதன் தடம் பதிந்தது. 1869இல் நியூ ஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர், லூயி பாஸ்டரின் சூடாக்கும் முறையைத் திராட்சைச் சாற்றுக்குப் பயன்படுத்தி, புளிக்காத சாற்றைத் திருவிருந்துக்கென்று தயாரித்தார். இன்று பல புராட்டஸ்டன்ட் சபைகளில் சிறு கிண்ணங்களில் வழங்கப்படும் சாற்றின் வரலாறு அங்கே தொடங்குகிறது. அமெரிக்கா 1920இல் நாடு முழுவதும் மதுவிலக்கை அமல்படுத்தி 1933இல் விலக்கிக்கொண்டது. அந்தக் காலத்திலும் திருப்பலிக்கான இரசத்துக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தது.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், லூத்தரன்கள், ஆங்கிலிக்கன்கள் ஆகியோரின் போதனை மிதம். கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு, மிதமிஞ்சிய மதுவைத் தவிர்க்கச் சொல்கிறது, குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிறர் உயிரை ஆபத்துக்குள்ளாக்குவதைப் பெருங்குற்றமாகச் சுட்டுகிறது. ஆர்த்தடாக்ஸ் மரபில் உபவாச நாள்களில் திராட்சரசமும் விலக்கப்படுகிறது. சில பண்டிகை நாள்களில் மட்டும் அது தளர்த்தப்படும். செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபை, இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை, பாப்டிஸ்ட் சபைகளில் பல ஆகியவை முழு விலக்கைப் போதிக்கின்றன. ஒரே சபைப் பிரிவைச் சேர்ந்தவர்களும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதுண்டு.

முற்காலத்தார் அறியாத ஒன்றை நாம் அறிந்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 1988இலேயே வகைப்படுத்தியது. 2019இல் உலகெங்கும் சுமார் 26 லட்சம் மரணங்களுக்கு மது காரணமாயிற்று என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல இயலாது என்று 2023இல் அது அறிவித்தது. சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று நம்புகிறவர்கள் இதைப் புறந்தள்ள முடியாது. வேதாகமம் தடைசெய்யவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு விலகியிருக்கும் இரண்டாம் நிலைப்பாட்டின் பக்கம் என் மனம் சாய்வதற்கு, ரோமர் 14க்கு அடுத்தபடியாக இந்த அறிவும் ஒரு காரணம்.

எந்த நிலைப்பாட்டை ஏற்ற சபையானாலும், அதற்குள் குடிநோயோடு போராடுகிறவர் ஒருவராவது இருப்பார், பெரும்பாலும் வெளியே சொல்லாமல். முழு விலக்கைப் போதிக்கும் சபைகளில் அவர் மறைந்து வாழ்வது இன்னும் அதிகம். கண்டனத்துக்கு அஞ்சி அவர் உதவி கேட்பதே இல்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தோன்றிய, குடிநோயிலிருந்து மீள்வோரின் குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து பாவ அறிக்கை, ஈடுசெய்தல் ஆகிய பழக்கங்களைப் பெற்றுக்கொண்டு, தன் பலவீனத்தை வெட்கமின்றிச் சொல்லும் இடத்தை இப்படிப்பட்டவர்களுக்கு உண்டாக்கியது. அப்படி ஓர் இடம் சபைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையல்ல.

திராட்சரசம் வழங்கும் சபைகளில் மீண்டுவருபவருக்கு நற்கருணையே சோதனையாகிவிடாதபடி வழிகள் இருக்கின்றன. கத்தோலிக்கப் போதனையின்படி அப்பத்தின் வடிவில் மட்டும் பெற்றாலும் கிறிஸ்துவை முழுமையாகப் பெற்றதாகும். மது அருந்த இயலாத குருக்கள், புளிப்பு தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்ட சாற்றை ஆயரின் அனுமதியோடு பயன்படுத்தலாம். வேறு பல சபைகள் ஒரே பந்தியில் சாற்றையும் இரசத்தையும் தனித்தனியே வைக்கின்றன. இன்னொன்றையும் போதகர்களும் குடும்பத்தாரும் தெரிந்திருக்க வேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் ஜெபித்த கையோடு திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அவர் மனந்திரும்பி வரும் நாளிலேயே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். குடியை நிறுத்தும் முதல் சில நாள்கள் மருத்துவ மேற்பார்வையிலேயே கழிய வேண்டும்.